“ஒத்துக்காது” என்றால் எது? உணவு ஒவ்வாமையும் தாளாமையும்

ஒரே மேசையில் மூன்று பேர். மூவரும் “எனக்குப் பால் ஒத்துக்காது” என்கிறார்கள். முதலாமவர் ஒரு டம்ளர் பால் குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, கழிவறைக்கு ஓட வைக்கும். இரண்டாமவருக்குப் பால் பட்ட கரண்டி வாயில் பட்டாலே உதடு வீங்கும். போன தடவை மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாமவருக்குப் பால் குடித்து இதுவரை ஒன்றுமே ஆனதில்லை. தபாலில் ரத்தம் அனுப்பிச் செய்துகொண்ட ஒரு பரிசோதனை முடிவில் ‘பால்’ என்ற வரி சிவப்பாக வந்திருந்தது, அன்றோடு நிறுத்திவிட்டார்.

சொன்ன வாக்கியம் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்குக் குற்றவாளி பாலில் உள்ள சர்க்கரை. இரண்டாமவருக்குப் பாலில் உள்ள புரதம். மூன்றாமவருக்குக் குற்றவாளியே கிடையாது. ‘லாக்டோஸ் நீக்கிய பால்’ என்று எழுதிய பாக்கெட்டை முதலாமவர் நிம்மதியாகக் குடிக்கலாம். அதையே இரண்டாமவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அதில் சர்க்கரைதான் உடைக்கப்பட்டிருக்கிறது, புரதம் அப்படியே இருக்கிறது. இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சொற்கள்

பேச்சுவழக்கில் ‘அலர்ஜி’ என்ற சொல்லை எதற்கும் பயன்படுத்துகிறோம். தும்மினாலும் அலர்ஜி, சோப்பு மாற்றினாலும் அலர்ஜி, பிடிக்காத ஆள் எதிரே வந்தாலும் அலர்ஜி. 1906-இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே இந்தச் சொல்லை உருவாக்கியபோதும் அதன் பொருள் அகலமானதாகத்தான் இருந்தது: ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்த உடல், மறுபடி சந்திக்கும்போது மாறுபட்டு நடந்துகொள்வது. இன்றைய மருத்துவத்தில் அது சுருங்கிவிட்டது.

1. ஒவ்வாமை: உணவில் உள்ள ஒரு புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் எதிரி என்று தவறாக எண்ணித் தாக்குவது. கொஞ்சம் பட்டாலே போதும். சில நேரங்களில் உயிரைப் பறிக்கும்.

2. தாளாமை: நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் பங்கில்லை. உணவின் ஒரு பகுதியை உடைக்கவோ உறிஞ்சவோ குடலால் முடியாமல் போவது, அல்லது உணவில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் உடலில் நேரடியாக விளைவை உண்டாக்குவது. ‘சகிப்புத்தன்மையின்மை’ என்றும் எழுதுகிறார்கள். வாயில் நுழையாத சொல் என்பதால் இங்கே தாளாமை என்றே வைத்துக்கொள்வோம். தொல்லை நிஜம், அவதி நிஜம். ஆனால் இதனால் தொண்டை அடைத்து யாரும் சாவதில்லை.

ஒரு வரியில் சொன்னால், தாளாமை ‘எவ்வளவு’ என்ற கேள்வி. ஒவ்வாமை ‘இருக்கிறதா இல்லையா’ என்ற கேள்வி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் லேபிள் படிப்பது முதல் வெளியில் சாப்பிடுவது வரை மற்ற முடிவுகளில் பாதி தானாக விளங்கிவிடும்.

ஒவ்வாமை: உடலுக்குள் நடப்பது

1. ஒரு புரதம், நிலக்கடலையில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம், உடலுக்குள் நுழைகிறது. வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. வெடிப்பு விட்ட தோல் வழியாகவும் வரலாம்.

2. சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் அதற்கென்றே ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அதன் பெயர் ஐஜிஇ. இந்தக் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, அரிப்புகூட வராது.

3. அந்த ஐஜிஇ, தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின் முதலான பொருள்கள் பொட்டலம் பொட்டலமாக அடைபட்டுக் கிடக்கின்றன.

4. அடுத்த முறை அதே புரதம் வரும்போது மாஸ்ட் செல்கள் நிமிடங்களில் பொட்டலங்களை உடைத்துக் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன, தோல் தடிக்கிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது, குடல் முறுக்குகிறது.

“வாழ்நாளில் முதல் தடவையாகச் சாப்பிட்டான், உடனே வீங்கிவிட்டது, அது எப்படி?” என்று பெற்றோர் கேட்பதற்கான பதில் முதல் படியிலேயே இருக்கிறது. வாய்க்கு அது முதல் தடவை, உடலுக்கு அல்ல.

இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய சக ஆய்வாளர் கார்ல் ப்ராவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் கிடையாது. 1921-இல் கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ப்ராவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒருவரின் ஒவ்வாமையை இன்னொருவரின் தோலில் ஒரு புள்ளியாக நட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த மர்மப் பொருள்தான் ஐஜிஇ என்று தெரிய 1966 ஆயிற்று. இஷிஸாகா தம்பதி அமெரிக்காவில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் இன்னொரு குழுவும் தனியாக அதைக் கண்டுபிடித்தது.

தாளாமை: கணக்கு வேறு

பால் சர்க்கரையான லாக்டோஸ் இரண்டு சிறிய சர்க்கரைகள் பிணைந்தது. அந்தப் பிணைப்பை வெட்டும் கத்தரி, சிறுகுடல் சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கத்தரி தாய்ப்பால் காலத்தோடு மழுங்கிவிடும். மனிதர்களிலும் உலக அளவில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டேஸ் குறைந்துதான் போகிறது. ஆக, இதை ‘குறைபாடு’ என்று சொல்வதே ஒரு வகையில் தலைகீழ்ப் பார்வை. பெரியவர்களாகியும் பாலை முழுதாகச் செரிப்பவர்கள்தான் ஒரு மரபணு மாற்றத்தின் பயனாளிகள்.

வெட்டப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலரிடம் மீத்தேன் ஆகிய வாயுக்களை வெளியிடுகின்றன, அதுதான் உப்புசம். மிச்சச் சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கிறது, அதுதான் வயிற்றுப்போக்கு. குடலில் உருவாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளியேறுவதால், லாக்டோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு சில மணி நேரம் மூச்சை ஊதச் சொல்லியே இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே அளவுதான் எல்லாம். லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஏறக்குறைய 250 மில்லி பாலை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். வெறும் வயிற்றில் குடிப்பதை விட உணவோடு குடித்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். தயிரில் இருக்கும் பாக்டீரியாக்களே கொஞ்சம் லாக்டோஸைச் செரித்துக் கொடுத்துவிடுகின்றன. நாள்பட்டுப் பதப்படுத்திய சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு. முழுவதுமாகப் பாலை ஒதுக்கிவிட்டு எலும்பைப் பலவீனப்படுத்திக்கொள்ள இவர்களுக்கு அவசியமே இல்லை.

பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸ், வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃப்ரக்டன், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் போடும் சார்பிட்டால் என்று இந்த வரிசை நீள்கிறது. எல்லாவற்றுக்கும் கதை இதேதான்: உறிஞ்சப்படாத சர்க்கரை, வாயு, தண்ணீர். இவற்றை மொத்தமாக ஃபோட்மேப் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த வகைப்பாடு இது. “எனக்கு க்ளூட்டன் ஆகாது” என்று தாங்களாகவே க்ளூட்டனை, அதாவது கோதுமையில் உள்ள புரதத்தை, நிறுத்தியிருந்த 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதில் வயிற்றைக் கலக்கியது க்ளூட்டன் அல்ல, ஃப்ரக்டன். பல வீடுகளில் தவறான ஆள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இரண்டு பெட்டியிலும் அடங்காதவை

சீலியாக் நோய். இது ஒவ்வாமையும் அல்ல, தாளாமையும் அல்ல. க்ளூட்டன் உள்ளே போனால் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்தச் சிறுகுடலையே அரித்துவிடும் தன்னெதிர்ப்பு நோய். உலகில் நூற்றில் சுமார் ஒருவருக்கு உண்டு. பலருக்கு இருப்பதே தெரியாது, ஏனென்றால் வயிற்று உபாதைக்குப் பதிலாக ரத்தசோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ தலைகாட்டும். இதற்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனபோது, நாடே பசியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது.

இதில் ஒரு முக்கியமான நடைமுறைச் சிக்கல்: க்ளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையில் இது சரியாகத் தெரியும். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கெட்ட மீனின் ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிர்பதனம் இல்லாமல் வைத்தால் பாக்டீரியாக்கள் மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். பார்த்தால் அச்சு அசல் மீன் ஒவ்வாமை. துப்பு எங்கே என்றால், சேர்ந்து சாப்பிட்டவர்களில் பலருக்கும் ஒரே நேரத்தில் வரும். ஒவ்வாமை அப்படிக் கூட்டமாக வராது.

இரவில் தாமதமாக வரும் இறைச்சி ஒவ்வாமை. சில வகை உண்ணிகள் கடித்தவர்களுக்கு, ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு எதிராக ஐஜிஇ உருவாகிறது. மாடு, ஆடு, பன்றி இறைச்சியில் இந்தச் சர்க்கரை உண்டு. கோழியிலும் மீனிலும் இல்லை. சாப்பிட்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் தடிப்பு வரும் என்பதால், இரவு உணவைச் சந்தேகிக்கவே யாருக்கும் தோன்றுவதில்லை. ‘ஒவ்வாமை என்றால் புரதம், நிமிடங்களில் வரும்’ என்ற இரண்டு விதிகளையும் ஒரே நோய் மீறுகிறது.

பச்சையாகத் தின்றால் மட்டும் வாய் அரிப்பு. பூந்தாது ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஆப்பிள், பீச் போன்ற பழங்களால் உதடும் நாக்கும் அரிக்கும். பூந்தாதுப் புரதமும் பழப் புரதமும் ஜாடையில் ஒன்று. வேக வைத்தால் இந்தப் புரதம் உருக்குலைந்துவிடும் என்பதால் அதே பழத்தை ஜாமாகச் சாப்பிட முடிகிறது. பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும்.

பரிசோதனை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தோல் குத்துப் பரிசோதனையில் முன்கையில் உணவுச் சாற்றை ஒரு சொட்டு வைத்து, அதன் வழியே தோலை லேசாகக் குத்துகிறார்கள். சுமார் 15 நிமிடத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் ‘நேர்மறை’. (சில நாள் முன்பிருந்தே, ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே தடிக்காது.) ரத்தப் பரிசோதனையில் அந்த உணவுக்கான ஐஜிஇ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். இரண்டுமே சொல்வது ஒன்றைத்தான்: எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது. அதாவது மேலே சொன்ன நான்கு படிகளில் இரண்டாவதைத் தாண்டியாகிவிட்டது. நான்காவது நடக்குமா என்று அவை சொல்வதில்லை. ரத்தத்தில் ஐஜிஇ இருந்தும் அந்த உணவைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பவர்கள் ஏராளம்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர். அவர்களில் 20 பேருக்கு உண்மையாகவே ஓர் உணவு ஒவ்வாமை. பரிசோதனை நோயுள்ளவர்களில் 95 சதவீதத்தினரைப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 20 சதவீதத்தினரையும் தவறாகப் பிடிக்கிறது. நோயுள்ள 20 பேரில் 19 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 980 பேரில் 196 பேர் சிக்குவார்கள். ஆக ‘நேர்மறை’ என்று தாள் பெற்றவர்கள் 215. அவர்களில் நிஜ நோயாளி 19 மட்டுமே. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு “எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்” என்று ஐம்பது உணவுக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்வது ஏன் வினையாகிறது என்பது இதில் தெரியும். இதே பரிசோதனையை, கடலை தின்ற பத்தாவது நிமிடம் உதடு வீங்கிய ஒருவருக்குக் கடலைக்காக மட்டும் செய்தால் அதன் மதிப்பே வேறு. என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், என்ன ஆயிற்று, மறுபடி சாப்பிட்டபோதும் ஆயிற்றா: நல்ல மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் இந்தக் கதையைத்தான் கேட்பார்.

சந்தேகம் தீராவிட்டால் கடைசித் தீர்ப்பு உணவேதான். மருத்துவமனையில், அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேக உணவைத் துளியாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் ‘கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்’ என்று இதைச் செய்து பார்க்கக் கூடாது.

இனி நம் மூன்றாமவரின் சிவப்புத் தாள். நூறு, இருநூறு உணவுகளுக்கு ‘தாளாமைப் பரிசோதனை’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு. உடல் அதோடு பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008-இலும் அமெரிக்க ஒவ்வாமையியல் கழகம் 2010-இலும் உணவுப் பிரச்சினைகளைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே கூறிவிட்டன. தினமும் பால் குடித்தவருக்குப் பால் சிவப்பாக வந்தது; அவர் தினமும் வேறு எதைச் சாப்பிட்டிருந்தாலும் அது சிவப்பாக வந்திருக்கக்கூடும். தாளாமைக்கு, மூச்சுப் பரிசோதனை உள்ள ஒன்றிரண்டு சர்க்கரைகளைத் தவிர, பரிசோதித்துச் சொல்லும் குறுக்குவழி கிடையாது. சில வாரம் நிறுத்தி, குறைகிறதா என்று பார்த்து, பிறகு மறுபடி சேர்த்து, திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மறுபடி சேர்த்துப் பார்க்காத சோதனை பாதிச் சோதனைதான்.

அனஃபிலாக்ஸிஸ் வந்தால்

உடல் முழுவதும் ஒரே நேரத்தில் பொட்டலங்கள் உடைவதுதான் அனஃபிலாக்ஸிஸ். தோல் தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தொடர் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரலாம்.

1. மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசி. தானியங்கி ஊசி என்றால் உடைக்கு மேலேயே குத்தலாம். 2024 முதல் மூக்கில் தெளிக்கும் வடிவமும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் புழக்கத்துக்கு வந்திருக்கிறது.

2. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. “மாத்திரை போட்டிருக்கிறோம், கொஞ்சம் பார்ப்போம்” என்று காத்திருக்கும் நேரம்தான் ஆபத்தானது. உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வில், சாப்பிட்டதிலிருந்து இதயம் நின்றது வரையான இடைநிலை நேரம் சுமார் 30 நிமிடம்தான்.

3. படுக்க வையுங்கள், காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விட முடியவில்லை என்றால் உட்காரலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று எழுந்ததாலேயே உயிர் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

4. ஊசி போட்டுச் சரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்காமல் காத்த காலம்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்காதீர்கள் என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கடலை ஒவ்வாமை குறையவில்லை. 2008-இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டில் வந்த ஓர் ஒப்பீட்டில், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் குழந்தைகளை விடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. இஸ்ரேலில் கடலையில் செய்த தின்பண்டத்தைப் பச்சைக் குழந்தைப் பருவத்திலேயே கொடுத்துவிடுவார்கள்.

லண்டனில் கிடியன் லாக் குழுவினர் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு, அரித்து, வெடிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாத வயதான 640 குழந்தைகள். ஒரு பாதிக்குக் கடலையே கூடாது. மறு பாதிக்கு வாரந்தோறும் கடலை. 2015-இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் பரிசோதனை எதிர்மறையாக இருந்த குழந்தைகளில், தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 13.7 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்.

விளக்கம் மாஸ்ட் செல் கதையின் முதல் படிக்கே நம்மைக் கொண்டுபோகிறது. எக்ஸிமாவால் வெடித்த தோல் வழியாக, வீட்டுத் தூசியில் கிடக்கும் கடலைப் புரதம் நுழைந்தால் உடல் அதை எதிரி என்று படிக்கிறது. குடல் வழியாக வந்தால் உணவு என்று படிக்கிறது. எந்த வாசல் முதலில் திறக்கிறது என்பதே பிரச்சினை. வாயைப் பூட்டி வைத்த அந்த எட்டு ஆண்டுகளும் தோல் வாசல் மட்டும் திறந்தே இருந்தது. (முழுக்கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும், விழுதாகவோ மாவாகவோதான். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகு.)

லேபிளும் சமையலறையும்

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பெயர் சொல்லி அறிவிக்கச் சொல்கிறது, அமெரிக்கா 9. அங்கே ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023-இல், அதன் விளைவு வேடிக்கையானது. எள் கலக்காமல் தொழிற்சாலையைச் சுத்தமாக வைப்பதை விட, வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து லேபிளில் ‘எள்’ என்று போட்டுவிடுவது எளிது என்று சில ரொட்டி நிறுவனங்கள் முடிவெடுத்தன. எள் ஆகாதவர்கள் அதுவரை சாப்பிட்டுவந்த ரொட்டியும் கைவிட்டுப் போனது.

‘இருக்கக்கூடும்’, ‘இதே ஆலையில் கடலையும் கையாளப்படுகிறது’ போன்ற எச்சரிக்கைகள் பல நாடுகளில் நிறுவனங்கள் தாமாகப் போடுபவை. எச்சரிக்கை இல்லாததால் கலப்பு இல்லை என்று ஆகாது. ‘க்ளூட்டன் அற்றது’ என்பதற்கு மட்டும் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஓர் எல்லை வைத்திருக்கிறது: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல்.

சமையலறையில் இரண்டு தவறான நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, சூடு எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பது. கடலை, இறால் போன்றவற்றின் புரதங்கள் சூட்டுக்கு அசைவதில்லை. கடலை வறுத்த எண்ணெயில் வேறொன்றைப் பொரித்தால் அதுவும் கடலைதான். பாலும் முட்டையும் கொஞ்சம் வேறு: மாவோடு சேர்த்து நெடுநேரம் அடுமனைச் சூட்டில் வெந்தால், அந்த ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கையில் சானிடைஸர் தடவினால் சுத்தம் என்பது. அது கிருமியைக் கொல்லும். புரதம் உயிருள்ள பொருள் அல்ல, கொல்வதற்கு. அது தேய்ந்து கையெங்கும் பரவும், அவ்வளவுதான். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போய்விடும்.

சரியாகுமா?

பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரத் தானாகவே போய்விடுகிறது. நிலக்கடலை என்றால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு. மீன், இறால் பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். போய்விட்டதா என்று பார்க்க அவ்வப்போது மறுபரிசோதனை வேண்டும். இரண்டு வயதில் சொன்னதை வைத்துக்கொண்டு பதினைந்து வயதிலும் முட்டையைத் தொடாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

சிகிச்சை என்று சொல்லத்தக்கது சமீபத்தில்தான் வந்தது. அரை மில்லிகிராம் கடலைப் புரதத்தில் தொடங்கி, மாதக்கணக்கில் ஏற்றி, தினமும் 300 மில்லிகிராமில் நிறுத்தும் முறைக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 300 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரே ஒரு கடலை. 2024 பிப்ரவரியில், ஐஜிஇ-யையே பிடித்துக் கட்டிப்போடும் ஓமலிஸுமாப் ஊசிக்கு அனுமதி வந்தது. அதற்கு ஆதாரமான சோதனையில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 67 சதவீதத்தினர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினர். வெற்று ஊசி போட்டவர்களில் 7 சதவீதம். இரண்டுமே கடலையைக் கை நிறைய அள்ளித் தின்ன வைக்கும் மருந்துகள் அல்ல. தெரியாமல் ஒரு துளி வாய்க்குள் போனால் அவசர சிகிச்சைப் பிரிவு வரை போகாமல் காக்கும் தடுப்புச் சுவர்கள். நிறுத்தினால் பாதுகாப்பும் பெரும்பாலோருக்குக் கரைந்துவிடும். அட்ரினலின் ஊசி பையிலேயே இருக்க வேண்டும்.

மேசைக்குத் திரும்பினால்

அந்த மூவரும் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுபவரிடம் “பால் ஒத்துக்காது” என்று மூவரும் சொன்னால், அவர் மூவரையும் முதலாமவராகத்தான் நினைப்பார். சாஸின் மேல் ஊற்றிய கிரீமை வழித்துப் போட்டுவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவருவார். முதலாமவருக்கு அது போதும். மூன்றாமவருக்கு வழித்திருக்கவே வேண்டாம்.

இரண்டாமவர் வேறு வாக்கியம் சொல்ல வேண்டும்: “எனக்குப் பால் ஒவ்வாமை, பட்டால் மூச்சு நின்றுவிடும். இந்தத் தட்டு வேண்டாம். கழுவிய பாத்திரத்தில், வேறு கரண்டியால், புதிதாகச் செய்து தர முடியுமா? முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நான் சாப்பிடவில்லை.”